உப்புநீர் மீன்தொட்டியில் நைட்ரேட்டைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைட்ரேட் பற்றிய பேச்சு பெரும்பாலும் "எந்தக் கருவியை வாங்கலாம்?" என்ற கேள்வியில் போய் நிற்கும். கருவி பிறகு வரட்டும். தொட்டிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று தெரியாமல் வாங்கும் கருவி பெரும்பாலும் பரணுக்குத்தான் போகும். அதனால் இங்கே கணக்கு கொஞ்சம் அதிகமாகவே வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

தொட்டியில் நான் நைட்ரேட் எதையும் போடவில்லையே. அது எங்கிருந்து வருகிறது?

தீனியோடு நீங்களேதான் போடுகிறீர்கள். தீனியிலுள்ள புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். மீன் தின்றதில் ஒரு பகுதி அதன் உடம்பில் சேர்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி செவுள் வழியே அமோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட தீனி, கழிவு, பாறை இடுக்கில் செத்துக் கிடக்கும் நத்தை, உதிர்ந்த பாசி எல்லாம் அழுகி அதே அமோனியாவில் வந்து சேர்கின்றன. ஒரு வகை நுண்ணுயிரிகள் அமோனியாவை நைட்ரைட்டாக்குகின்றன. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. இந்த இரண்டு படிகளுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தொட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. மூன்றாவது படியில் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலக்க வேண்டும். அதைச் செய்யும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் அநேகமாக இல்லாத இடம் தேவை. அப்படிப்பட்ட இடம் தொட்டியில் குறைவு. ஆகவே வரவு தினமும் நடக்கிறது, செலவுக்குத்தான் வழியில்லை.

எண்களில் பார்ப்போம். 200 லிட்டர் தொட்டியில் தினமும் 1 கிராம் உலர்தீனி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி புரதம் என்றால் அரை கிராம். அதில் நைட்ரஜன் 0.08 கிராம். நைட்ரஜனை நைட்ரேட்டாகக் கணக்கிட 4.43 ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 350 மில்லிகிராம் நைட்ரேட். அதை 200 லிட்டரில் பரப்பினால் 1.8 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். வாரத்துக்கு 12 பி.பி.எம்.முக்கு மேல்! இது உச்சவரம்பு. மீனின் வளர்ச்சி, பாசி, ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி), பாறைக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு உண்மையில் ஏறுவது இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ஒரு சிட்டிகை தீனியின் எடை என்ன என்பது இதில் விளங்கும்.

எவ்வளவு வரை இருக்கலாம்?

யாரை வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பவளத்திட்டுகளைச் சுற்றியுள்ள இயற்கைக் கடல்நீரில் நைட்ரேட் பொதுவாக 0.2 பி.பி.எம்.மைக்கூட எட்டாது. அதையே தொட்டியிலும் பிடிக்க வேண்டும் என்று முனைவது வீண் வேலை. கடலில் மிதவை உயிரிகள் ஓயாமல் உணவாக வந்துகொண்டிருக்கின்றன. தொட்டியில் அது கிடையாது.

மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் 40 பி.பி.எம். வரை நான் கவலைப்பட மாட்டேன். மீன்கள் அதைவிடப் பல மடங்கையும் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, நன்றாக இருப்பது வேறு. மென்பவளங்களுக்கும் பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தின் ஒற்றை உயிர்) உள்ள கல்பவளங்களுக்கும் 5 முதல் 20 வரை பொருந்தும். அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் உள்ள கல்பவளங்களுக்கு 2 முதல் 10 வரை. இவை வளர்ப்பவர்களின் அனுபவத்தில் படிந்த எண்கள், சட்டம் அல்ல. 12 பி.பி.எம்.மில் நன்றாக வளரும் அக்ரோபோராவை 3 பி.பி.எம்.முக்குக் கொண்டுவர யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

சுறா, திருக்கை வளர்ப்பவர்கள் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதிக நைட்ரேட் அவற்றின் உடம்பு அயோடினை ஏற்பதைத் தடுத்து, தைராய்டு சுரப்பியை வீங்க வைக்கிறது. தொண்டைப் பகுதியில் கட்டி போலப் புடைத்துக்கொண்டு தெரியும்.

என் சோதனை கிட் காட்டுவதை நம்பலாமா?

கிட்டை நம்பலாம், அவசரமாகச் செய்த சோதனையைத்தான் நம்பக் கூடாது. வண்ணம் பார்க்கும் கிட்டுகள் பொதுவாக நைட்ரேட்டை நேரடியாக அளப்பதில்லை. முதலில் துத்தநாகம் போன்ற ஓர் உலோகத் துகளைக் கொண்டு அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. பிறகு அந்த நைட்ரைட்டைச் சிவப்புச் சாயமாக்கிக் காட்டுகின்றன. இது தெரிந்தால் தவறு எங்கே நுழையும் என்பதும் தெரிந்துவிடும்.

திரவக் கிட்டுகளில் அந்தத் துகள் புட்டியின் அடியில் படிந்திருக்கும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் தெளிந்த நீர்தான் விழும். உண்மையில் 40 இருக்கும் தொட்டி அப்போது 5 என்று காட்டும். பழைய புட்டியில் துகள் கட்டிப்போயிருந்தால் மேசை விளிம்பில் தட்டிக் கரைத்துவிட்டுக் குலுக்குங்கள். தொட்டியில் நைட்ரைட் இருந்தால் அதையும் கிட் நைட்ரேட்டாகவே எண்ணிக் காட்டும். எனவே புதிய தொட்டி பக்குவப்பட்டுக்கொண்டிருக்கும் வாரங்களில் வரும் நைட்ரேட் அளவுக்குப் பொருளில்லை. கடிகாரத்தைப் பார்த்து, கிட் சொல்லும் நிமிடத்தில் பகல் வெளிச்சத்தில் படியுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிக் கறுத்துவிட்டால், ஒரு பங்கு தொட்டி நீருடன் ஒன்பது பங்கு ஆர்.ஓ. நீர் கலந்து சோதித்து, விடையைப் பத்தால் பெருக்குங்கள். அட்டையில் அடர்சிவப்புகளைப் பிரித்துப் பார்ப்பதைவிட இது பல மடங்கு தெளிவாக இருக்கும்.

கிட்டின் மீதே சந்தேகம் என்றால் அதையும் சோதிக்கலாம். 1.63 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை 1 லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்தால் 1,000 பி.பி.எம். நைட்ரேட் கரைசல். அதில் 10 மி.லி. எடுத்து, புதிதாகக் கலந்த உப்புநீரால் 1 லிட்டராக நிரப்பினால் 10 பி.பி.எம். கிட் அதை 10 என்று சொல்கிறதா என்று பாருங்கள். 8 அல்லது 12 என்றால் பரவாயில்லை. 2 அல்லது 40 என்றால் கிட் குப்பைக்கு.

நண்பரின் கருவி 5 என்கிறது, என் கிட் 22 என்கிறது. நீர் ஒன்றுதான்.

இரண்டும் சரியாக இருக்கலாம். சில கருவிகள் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். மற்றவை முழு நைட்ரேட்டையும் காட்டும். முதல் எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். கையேட்டில் எந்த அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எண்கள் எல்லாம் முழு நைட்ரேட்.

வாரந்தோறும் 10 சதவீத நீரை மாற்றுகிறேன். ஆனாலும் 50இலேயே நிற்கிறது. ஏன்?

உங்கள் தொட்டி நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது. வாரத்தில் ஏறும் அளவை, மாற்றும் நீரின் பங்கால் வகுத்துப் பாருங்கள். வாரம் 5 பி.பி.எம். ஏறி, 10 சதவீதம் மாற்றினால் 5 ÷ 0.1 = 50. நீர் மாற்றுவதற்கு முந்தைய நிமிடத்தில் தொட்டி காட்டும் எண் இதுதான். அந்த இடத்தில் நீங்கள் எடுக்கும் பத்தில் ஒரு பங்கு சரியாக 5 பி.பி.எம்.; அந்த வாரம் ஏறியதும் 5. ஆண்டுக்கணக்கில் மாற்றினாலும் அதே 50தான்.

20 சதவீதமாக உயர்த்தினால் 25இல் நிற்கும். 50 சதவீதம் என்றால் 10. ஒரே வாரத்தில் அங்கே வந்துவிடாது. 50இல் தொடங்கி வாரம் 20 சதவீதம் மாற்றும் தொட்டி அடுத்த வாரம் 45, பிறகு 41, 38 என்று இறங்கி, நான்கு வாரம் கழித்து 35இல் இருக்கும். இரண்டாவது வாரத்தில் "பயனில்லை" என்று கைவிடுபவர்கள்தான் அதிகம்.

உங்கள் தொட்டி வாரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க: நீர் மாற்றி ஒரு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அடுத்த மாற்றத்துக்குச் சற்று முன்னால் மறுபடி சோதியுங்கள். கழித்தால் வருவதுதான் உங்கள் வரவு. இதை இரண்டு மூன்று வாரம் எழுதிவைத்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வரவு 3 என்றால் நீர் மாற்றமே போதும். 15 என்றால் வாளி தூக்கி மாளாது; வேறு வழிகள் வேண்டும்.

இன்னொன்று. 60 சதவீதத்தை ஒரே முறை மாற்றினால் பழைய நீரில் 40 சதவீதம்தான் மிஞ்சும். 30, 30 என்று இரு முறை மாற்றினால் 49 சதவீதம் மிஞ்சும். இரண்டாம் முறை எடுக்கும் வாளியில் புது நீரும் சேர்ந்தே போகிறதல்லவா?

அப்படியானால் ஒரே நாளில் பாதி நீரை மாற்றிவிடலாமா?

மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில், புது நீரைச் சரியாகத் தயாரித்தால் மாற்றலாம். அதிர்ச்சி தருவது நைட்ரேட் இறங்குவதைவிட, புது நீரின் உப்பும் வெப்பமும் காரத்தன்மையும் பழையதோடு ஒத்துப்போகாததுதான். உப்பு முழுவதும் கரையும்வரை பம்ப் வைத்துச் சுழற்றுங்கள். உவர்ப்பை அளந்து தொட்டிக்குச் சமமாக்குங்கள். பெரும்பாலான தொட்டிகளில் அது 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), ஒப்படர்த்தியில் 1.026. வெப்பம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். பவளத் தொட்டியில் ஒரு தடவைக்கு 20, 25 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாதக்கணக்கில் 60 பி.பி.எம்.மில் பழகிய பவளம் இரண்டே நாளில் 5 பி.பி.எம்.மில் வெளிறிப்போகும்.

குழாய் நீரையே பயன்படுத்துகிறேன். அதில் நைட்ரேட் இருக்குமா?

இருக்கலாம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவே லிட்டருக்கு 50 மில்லிகிராம். மனிதனுக்குப் பாதுகாப்பான நீர் பவளத்துக்கு அப்படியில்லை. முதல் வேலையாக, உப்பு கலக்கும் முன் உங்கள் நீரைச் சோதியுங்கள். அதில் 20 இருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் தொட்டி 20க்குக் கீழே வராது. ஆவியான நீரை ஈடுகட்டத் தினமும் ஊற்றுவதும் அதுவே என்றால் ஏறிக்கொண்டே போகும். நீர் ஆவியாகும், நைட்ரேட் ஆவியாகாது. காய்ச்சினால் போகுமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: போகாது, செறியும்.

தீர்வு ஆர்.ஓ. வடிகட்டியும் அதன்பின் டி.ஐ. பிசினும். ஆர்.ஓ. சவ்வு மட்டும் நைட்ரேட்டில் ஒரு பகுதியைக் கசியவிடும். மிச்சத்தைப் பிசின் பிடிக்கும். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டுவதை நிறுத்தியதும் பிசினை மாற்றுங்கள்.

தீனியைக் குறைத்தால் மீன் மெலிந்துவிடாதா?

குறைக்க வேண்டியது மீன் தின்பதை அல்ல, தின்னாமல் விடுவதை. ஒரு வேளை தீனி போடும்போது தொட்டி முன் உட்கார்ந்து பாருங்கள். முதல் அரை நிமிடம் மீன்கள் பாய்ந்து பிடிக்கும். பிறகு வாயில் வாங்கித் துப்பும். அதன்பின் விழுவதெல்லாம் நீரோட்டத்தில் சுழன்று, வழிந்தோடும் பெட்டிக்குள் போய் வடிகட்டியில் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துப்பல் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். தீனி போடும் ஐந்து நிமிடம் மட்டும் நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்ப்பை அணைத்து வைத்தால் பாதிக் கசிவு நின்றுவிடும். பம்ப்பை மறுபடி போட மறந்துவிடாதீர்கள்.

உறைதீனியை உருக்கி, வலையில் வடித்து, நீரை ஊற்றிவிட்டுப் போடச் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் தீனியிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு சதையில்தான் இருக்கிறது, அந்த நீரில் இல்லை. இதனால் எண் பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆந்தியாஸ் போல நாளுக்குப் பலமுறை தின்றே ஆக வேண்டிய மீன்களுக்குத் தீனியைக் குறைக்கவே கூடாது. அந்தத் தொட்டிகளில் செலவுப் பக்கத்தைத்தான் பெருக்க வேண்டும்.

பயோ பால்களும் (நுண்ணுயிரிகள் குடியேறும் பிளாஸ்டிக் உருண்டைகள்) வடிகட்டும் பஞ்சும் "நைட்ரேட் ஆலை" என்கிறார்களே?

அவை நைட்ரேட்டைப் புதிதாகப் படைப்பதில்லை. தொட்டிக்குள் வந்த அமோனியா எங்கே மாறினாலும் அதே அளவு நைட்ரேட்தான். சிக்கல் வேறு இடத்தில். அவற்றில் சிக்கும் தீனியும் கழிவும், ஸ்கிம்மர் எடுத்துப்போகும் முன்பே, அங்கேயே அழுகுகின்றன. பாறையின் மேற்பரப்பில் உண்டாகும் நைட்ரேட் உள்ளே சில மில்லிமீட்டர் இறங்கினால் ஆக்சிஜன் இல்லாத பகுதிக்குப் போய் வாயுவாகிவிடும். பயோ பாலில் அப்படி உள்ளே என்று ஒன்றில்லை.

வடிகட்டும் சாக்கை (காலுறை போன்ற துணிப்பை) இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றித் துவையுங்கள். முடியாது என்றால் சாக்கே வேண்டாம். இரண்டு வாரம் தொங்கும் சாக், இல்லாத சாக்கைவிட மோசம். பயோ பால்களை எடுக்க நினைத்தால் வாரத்துக்குக் கொஞ்சமாக எடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் அமோனியா தலைகாட்டலாம்.

மணலைக் கிளறிச் சுத்தம் செய்யலாமா?

2, 3 சென்டிமீட்டர் ஆழமுள்ள மணல் என்றால், ஒவ்வொரு நீர் மாற்றத்தின்போதும் கால்பகுதியை சைஃபன் குழாயால் உறிஞ்சிவிடுங்கள். ஆண்டுகளாகத் தொடாத மணலை ஒரேயடியாகக் கிளறாதீர்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போட்ட நுண்மணலை அறவே தொடாதீர்கள். அடியில் ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரேட்டை வாயுவாக்குவதற்காகவே அது அங்கே இருக்கிறது. அதன் ஆழத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கும். அழுகிய முட்டை வாடையடிக்கும் அந்த வாயு மீன்களுக்கு நஞ்சு.

லைவ் ராக்கை (நுண்ணுயிரிகள் குடியிருக்கும் பாறை) அதிகரித்தால் நைட்ரேட் குறையுமா?

நுண்துளை நிறைந்த பாறையென்றால் உதவும். ஆனால் மெதுவாக. கனமான, இறுகிய பாறை எடையைத்தான் கூட்டும். ஏற்கெனவே உள்ள பாறைகளின் மேல் கழிவு படிந்திருந்தால், சிறிய பம்ப்பை வைத்து அவற்றை ஊதிவிட்டு, கலங்கிய நீரைச் சாக் வடிகட்டும்படி விடுங்கள். புதுப் பாறை வாங்குவதைவிட இது பலன் தரும்.

ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்குமா?

எடுக்காது. நைட்ரேட் குமிழியில் ஒட்டுவதில்லை. ஒட்டுவது புரதமும் பிற கரிமப் பொருள்களும். அவை நைட்ரேட்டாகும் முன்பே கோப்பைக்குப் போய்விடுகின்றன. கோப்பையின் கழுத்தில் படியும் வழவழப்பைத் துடைக்காவிட்டால் நுரை ஏறாது. வாரம் இருமுறை துடைப்பது நல்லது.

பாசி வளர்த்து நைட்ரேட்டைக் குறைக்கலாமா?

எனக்குப் பிடித்த வழி இதுதான். நைட்ரஜன் பாசியின் உடம்பாகிறது. நீங்கள் அறுத்து வெளியே எறிகிறீர்கள். செலவை நேரில் கண்ணால் பார்க்கலாம், கையால் எடை பார்க்கலாம். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டி) ஓர் அறையைத் தடுத்து, விளக்கு மாட்டி, கீட்டோமார்ஃபாவை வளர்ப்பது வழக்கம். முறுக்கிய பச்சை நைலான் நூல்கண்டு போல இருக்கும் இந்தப் பாசி, வேர்விட்டுப் பாறையைப் பிடிக்காது, எளிதில் அழியாது. காலெர்ப்பா இன்னும் வேகமாக வளரும். ஆனால் சில வேளைகளில் இனப்பெருக்கத்துக்காகத் தன் உடம்பையே கரைத்து, உறிஞ்சியதையெல்லாம் ஒரே இரவில் நீரில் திருப்பிக் கொட்டிவிடும்.

விளக்கைத் தொட்டி விளக்குக்கு நேரெதிராக, இரவில் எரியவிடுங்கள். இரவில் இறங்கும் பி.எச். ஓரளவு நிலைப்படும். கீட்டோ பந்து சுழலும் அளவுக்கு நீரோட்டம் வேண்டும். சுழலாமல் கிடந்தால் அடியில் கழிவு சேர்ந்து, நிழல் விழுந்து, அழுகத் தொடங்கும். விளக்கில் சிக்கனம் வேண்டாம். மங்கிய விளக்கின் கீழ் கீட்டோ சாகாமல் கிடக்கும், வளராது. வளராத பாசி எதையும் எடுப்பதில்லை. அறை நிரம்பியதும் பாதியை அறுத்தெறியுங்கள். அறுக்க மனமில்லாமல் வைத்திருந்தால் நடுப்பகுதி வெளுத்து அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். நைட்ரேட் 30க்கு மேல் இருந்தும் பாசி வளரவில்லை என்றால் இரும்பு, பாஸ்பேட் இரண்டில் எது பற்றாக்குறை என்று பாருங்கள்.

வோட்காவும் வினிகரும் ஊற்றுகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான், வேடிக்கை அல்ல. தொட்டியிலுள்ள நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் தாராளமாகக் கிடைக்கின்றன, கரிமம்தான் கிடைப்பதில்லை. எத்தனாலோ அசெட்டிக் அமிலமோ கொடுத்தால் அவை பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுத்துக்கொள்ளும். பிறகு ஸ்கிம்மர் அந்த நுண்ணுயிரிகளை நுரையோடு வெளியேற்றும். எனவே நல்ல ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இதைச் செய்யவே வேண்டாம்.

40 சதவீத ஆல்கஹால் உள்ள, சுவையூட்டாத வோட்கா என்றால், 100 லிட்டர் உண்மையான நீருக்கு நாளொன்றுக்கு 0.1 மி.லி.யில் தொடங்குங்கள். ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் 0.1 என்று குறித்த கோடு. வாரத்துக்கு 0.1 மி.லி.யாகக் கூட்டுங்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்துங்கள். விரும்பிய அளவுக்கு வந்ததும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, அதையே தொடருங்கள். வினிகர் என்றால் 5 சதவீத அமிலமுள்ள தெளிந்த வெள்ளை வினிகர் மட்டும். அதே கரிமத்துக்கு வோட்காவைப்போல எட்டு மடங்கு அளவு வேண்டும். அது பி.எச்.சைச் சற்று இறக்கும் என்பதால், விளக்கு எரியும் பகல் வேளையில் கொடுங்கள்.

"உண்மையான நீர்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 200 லிட்டர் என்று விற்ற தொட்டியில் பாறையும் மணலும் போக 150 லிட்டர்தான் இருக்கலாம்.

நீர் பால்போலக் கலங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்கின்றன. அன்றே நிறுத்தி, காற்றூதும் கல்லைப் போடுங்கள். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து நின்றால் நீரையும் மாற்றுங்கள். மணலில் செந்நிறச் சளிபோல சயனோபாக்டீரியா படர்ந்தால் அளவைக் குறையுங்கள். பம்ப்பின் மீதும் குழாய்களிலும் வெண்ணிற இழை படிவது இயல்பு, துடைத்துவிட்டால் போதும். இரண்டு நாள் மறந்துபோனால் மூன்றாம் நாள் சேர்த்து ஊற்றாதீர்கள்.

கரிமம் ஊற்றி இரண்டு மாதமாகிறது. நைட்ரேட் அசையவில்லை.

பாஸ்பேட்டைச் சோதியுங்கள். 0 என்று காட்டினால் அதுதான் காரணம். கடலில் மிதக்கும் உயிரிகளில் கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறத்தாழ 106 : 16 : 1 என்ற விகிதத்தில் இருப்பதை ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் என்ற கடலியல் அறிஞர் கண்டு சொன்னார். எடையில் சொன்னால் நைட்ரேட் 10 பங்குக்குப் பாஸ்பேட் 1 பங்கு. தொட்டி நுண்ணுயிரிகள் இந்த விகிதத்தை அப்படியே பின்பற்றும் என்றில்லை. ஆனால் பாஸ்பேட் அறவே இல்லாமல் எந்த உயிரணுவும் பெருகாது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைத் தாராளமாகப் போட்டுவிட்டு நைட்ரேட் இறங்கவில்லையே என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் குருணையை எடுத்துவிடுங்கள், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்.முக்குள் வரட்டும். நைட்ரேட் தானாக நகரும்.

பெல்லெட் ரியாக்டர், கந்தக ரியாக்டர் இரண்டில் எது?

பெல்லெட் என்பது கரையும் கரிமத்துக்குப் பதில், ரியாக்டர் என்னும் குடுவைக்குள் நிரப்பும் திடக் கரிமம். தினமும் அளந்து ஊற்றும் வேலை மிச்சம். ஆனால் அளவைக் கட்டுப்படுத்துவது கடினம். வெளியேறும் நீர் ஸ்கிம்மரின் வாயருகே விழ வேண்டும்.

கந்தகம் வேறு வகை. நீரைச் சொட்டுச் சொட்டாகக் கந்தகக் குருணைகளின் ஊடே விடுகிறோம். ஆக்சிஜன் தீர்ந்ததும், கந்தகத்தை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை வாயுவாக்குகின்றன. கூடவே அமிலமும் உண்டாகும். அதனால் அடுத்த அறையில் பவளத்துண்டு போன்ற சுண்ணப்பொருளை வைப்பார்கள். ஓட்டம் அதிகமானால் நைட்ரைட் வெளியே வரும். மிகக் குறைந்தால் முட்டை வாடை. முதல் சில வாரங்கள் தினமும் கவனிக்க வேண்டும். பெரிய மீன்கள் நிறைந்து, நைட்ரேட் நூறைத் தாண்டிய தொட்டிக்கு இதைப் பரிந்துரைப்பேன். பவளத் தொட்டிக்குத் தேவையில்லாத தலைவலி.

நைட்ரேட்டை உறிஞ்சும் பிசின் பொட்டலங்கள்?

நன்னீரில் வேலை செய்யும். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராமுக்கு மேல் குளோரைடு இருக்கிறது. உங்கள் நைட்ரேட் சில மில்லிகிராம். அயனிப் பரிமாற்றப் பிசினின் இடங்களைக் குளோரைடே பிடித்துக்கொள்ளும். பொட்டலத்தில் "நன்னீர், உப்புநீர் இரண்டுக்கும்" என்று அச்சிட்டிருந்தாலும்தான்.

சோதனையில் 0, ஆனால் பாறையெல்லாம் முடிப்பாசி. எப்படி?

பாசி முந்திக்கொண்டு தின்றுவிடுகிறது. கிட் அளப்பது மிச்சத்தைத்தான், வரவை அல்ல. கையால் பிடுங்கி வெளியே எறியுங்கள். அதுவும் நைட்ரஜன் ஏற்றுமதிதான். பாசி தின்னும் நத்தைகளைச் சேருங்கள். பாசி குறையக் குறைய நைட்ரேட் எண் சற்று ஏறினால் கலங்க வேண்டாம்.

அப்படியானால் 0 என்பது நல்லதுதானே?

பவளத் தொட்டியில் நல்லதல்ல. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு நைட்ரஜன் தேவை. அது கிடைக்காதபோது பவளம் வெளிறும், வளர்ச்சி நிற்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே தீர்ந்துபோன தொட்டிகளில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி படரும்; குமிழிகளோடு நூல்நூலாகத் தொங்கும் அதை ஒழிப்பது நைட்ரேட்டைக் குறைப்பதைவிடப் பெரும்பாடு. அந்த நிலையில் சோடியம் நைட்ரேட் கரைசலை அளந்து ஊற்றுபவர்களும் உண்டு. அவர்களில் சிலர் ஓராண்டுக்கு முன் நைட்ரேட்டைக் குறைக்கக் கருவி வாங்கியவர்கள்.

நைட்ரேட் ஏற ஏறக் காரத்தன்மை குறைகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. அமோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் உண்டாகிக் காரத்தன்மையைத் தின்கிறது. 50 பி.பி.எம். நைட்ரேட் சேர்ந்தால் சுமார் 2.3 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) இறங்கும். அதே நைட்ரேட் வாயுவாகும்போதோ பாசி எடுக்கும்போதோ அது திரும்பக் கிடைக்கும். நீரை மாற்றி நைட்ரேட்டை எடுத்தால் அப்படித் திரும்பாது. புது உப்பில் உள்ள காரத்தன்மைதான் ஈடு. கரிமம் ஊற்றத் தொடங்கிய மாதத்தில் காரத்தன்மைக் கரைசலின் அளவைப் பழையபடியே தொடர்ந்தால் டி.கே.எச். மெல்ல ஏறிவிடும். நைட்ரேட் குறைந்து, காரத்தன்மை உயர்ந்த நீரில் அக்ரோபோராவின் நுனி கருகும். அந்த வாரங்களில் இரண்டையும் சேர்த்தே சோதியுங்கள்.

10இல் நிலையாக இருந்தது திடீரென்று 40 ஆகிவிட்டது.

முதலில் மறுபடி சோதியுங்கள், முடிந்தால் வேறு கிட்டில். உண்மையென்றால் மீன்களை எண்ணுங்கள். பாறைக்குப் பின்னால் ஏதாவது செத்துக் கிடக்கலாம். அமோனியாவையும் பாருங்கள். ஸ்கிம்மர் நுரைக்கிறதா? பாசி விளக்கின் டைமர் நின்றுபோயிருக்கிறதா? டி.ஐ. பிசின் தீர்ந்துவிட்டதா? வீட்டில் வேறு யாராவது மீனுக்குத் தீனி போடுகிறார்களா என்றும் கேளுங்கள். குழந்தைகளும் தாத்தாக்களும் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடலாம்.

ஒரு வாரம் வெளியூர் போகிறேன். யாரைத் தீனி போடச் சொல்வது?

வளர்ந்த, கொழுத்த பெரும்பாலான மீன்கள் மூன்று நான்கு நாள் தீனியில்லாமல் இருக்கும். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் உரிய தீனியைத் தனித்தனிச் சிறு டப்பாவில் அளந்து, கிழமை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். தீனிப் புட்டியை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோங்கள்.